மரியாதைக் காய்ச்சல்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "தட்டைத் தட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கேட்டவர்கள் ஏதோ பாத்திரக் கடை என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் திருத்த மாட்டாள். திருத்தப் போனால் கொசு, ரத்தம், மூளை, முதுகுத்தண்டு என்று வரிசையாக அவிழ்க்க வேண்டிவரும். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பாதியில் கை கழுவுவார். எதற்கு வம்பு?

உண்மையும் அதுதான். பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி இரண்டு அறை. கொசு கடித்து மூளைக்கு ஏறுகிற காய்ச்சல் ஒன்று உண்டு. வந்திருப்பது அதுதானா என்று பார்த்துச் சொல்வது அந்த இரண்டு அறையின் பிழைப்பு. கிருமியைத் தேடிப் பிடிப்பது அங்கே வழக்கமில்லை. ஆளுக்குத் தலை சுற்றி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் அந்தக் கிருமி ரத்தத்தைக் காலி செய்துவிட்டு எங்கோ போய் ஒளிந்திருக்கும். அதை விரட்ட உடம்பு அனுப்பிய ஆட்களைத்தான் இவர்கள் தேடுவார்கள். படித்தவர்கள் எதிர்ப்பொருள் என்பார்கள். அந்த அறையில் புது ஆள், பழைய ஆள் என்றுதான் பேச்சு. புது ஆள் இருந்தால் சண்டை இப்போது நடக்கிறது. பழைய ஆள் மட்டும் இருந்தால் என்றைக்கோ நடந்து முடிந்த சண்டை, இல்லை தடுப்பூசி போட்ட தடம்.

இதைப் பார்ப்பதற்கு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழி. ஒரு குழியில் ஒருவருடைய ரத்தமோ முதுகுத்தண்டு நீரோ ஒரு சொட்டு. ஊற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும், கழுவ வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறை கழுவின பிறகும் தட்டைக் கவிழ்த்து, உறிஞ்சு காகிதத்தின் மேல் பட் பட்டென்று தட்ட வேண்டும். குழிக்குள் கொஞ்சம் ஈரம் தங்கினாலும் போச்சு, இல்லாத நோயை இருக்கிறதாகக் காட்டும். கடைசியில் குழி மஞ்சளானால் புது ஆள் இருக்கிறான். தண்ணீராகவே நின்றால் இல்லை. நடுவில் வெளுத்த மஞ்சளாக நின்றுவிட்டால் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெரிய வார்த்தை இருக்கிறது. இவர்கள் வைத்திருக்கிற பெயர் 'ரெண்டுங்கெட்டான்'.

கழுவுவதற்கு மெஷின் ஒன்று உண்டு. அது ஓடிய நாளைவிடப் படுத்த நாள்தான் அதிகம். ஆகையால் கை. அந்தக் கை இவளுடைய கை. அங்கே எல்லோருக்கும் இவள் தட்டுக்காரிதான்.

வாய்த்த புருஷனும் தட்டுகிறவன்தான். அவன் டிங்கர். அடிபட்ட காரும் வேனும் அவன் கடைக்கு முகம் கோணி வரும், ஒடுக்கு எடுத்து நேராகிப் போகும். "நீ பிளாஸ்டிக் தட்டுறே, நான் தகரம் தட்டுறேன். சத்தத்துல நான்தான்டி பெரிய ஆளு" என்பான். சத்தம் சுத்தியலோடு நிற்கவில்லை. வாயும் அதே ரகம்தான். ஆண்டவனே கார் ஓட்டிக்கொண்டு வந்தாலும் "யோவ், கண்ணை எங்கே வெச்சுக்கிட்டு ஓட்டுனே?" என்றுதான் ஆரம்பிப்பான். கலெக்டர் வண்டி டிரைவருக்கும் அதே. கலெக்டருக்கும் அதே என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. வீட்டில் அவளை "ஏய்" என்பான், "வாடி" என்பான், ரொம்பப் பாசம் வந்தால் "எருமை" என்பான். கல்யாணமான புதிதில் அவள் இதற்கு அழுதிருக்கிறாள். பிறகு பழகி, அப்புறம் அது இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

இப்படிப்பட்டவன் ஒரு நாள் காலையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தபடி கேட்டான்.

"நீங்க டீ குடிச்சீங்களா?"

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை, அடுப்புதான் இருந்தது.

"யாரைக் கேக்கறீங்க?"

"உங்களைத்தாங்க. முதல்ல நீங்க குடிங்க. நான் அப்புறம் குடிச்சுக்கறேன்."

முந்தாநாள் முதல் அவனுக்குக் காய்ச்சல், தலைவலி. வழக்கமாகக் காய்ச்சல் வந்தால் வீட்டையே இரண்டாக்குவான். இந்த முறை சத்தம் போடாமல் கிடக்கிறானே என்று அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அடுத்த வீட்டில் அவன் அக்கா, இவளுக்கு நாத்தனார். சுவர் மெல்லிசு, காது கூர்மை. உடனே வந்துவிட்டாள்.

"என் காதுல விழுந்தது நெசமா? என் தம்பியா 'நீங்க'ன்னான்?"

"வாங்கக்கா, உக்காருங்க" என்றான் தம்பி.

நாத்தனாருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியாம்மா? எங்கம்மா வளர்த்த வளர்ப்பு வீண் போகல. லேட்டா வந்தாலும் வந்துடுச்சு!"

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு."

"இதுல என்னடியம்மா பயம்? ஊர்ல அவ அவ புருஷன் ஒரு வார்த்தை தன்மையா பேச மாட்டானான்னு தவங்கிடக்கிறா. உனக்குக் கிடைச்சா பயமா இருக்குதாம்!" அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஒருவேளை ஏதாவது தப்புப் பண்ணிட்டு வந்திருக்கானோ? ஆம்பளைங்க திடீர்னு குழைஞ்சா அதுவும் ஒரு காரணம்."

தட்டுக்காரி அதற்குக் காது கொடுக்கவில்லை. ஆய்வகத்துக்காரி அல்லவா, சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றான். அடுத்து அவனுடைய சுத்தியலை எடுத்தாள். அந்தச் சுத்தியலை வேறு ஒருவர் தொட்டால் அன்றைக்கு அங்கே கொலை விழும். அதைக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.

அவன் பார்த்தான். "நல்ல யோசனைங்க" என்றான்.

அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள்.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தவர் சின்ன வயது டாக்டர். "என்னம்மா செய்யுது?" என்றார்.

"மரியாதையா பேசுறாரு டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"இன்னைக்குக் காலையிலேருந்து."

"இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரின்னு வந்தா நாங்க எங்கம்மா போறது? எங்க வீட்டுக்காரம்மா இப்படிப் பேசினா நான் லட்டு வாங்கிக் கொடுப்பேன். வேற ஏதாவது? காய்ச்சல் கீய்ச்சல்?"

"அது முந்தாநாள்லேருந்து இருக்கு."

"அதை முதல்ல சொல்ல மாட்டீங்களா?"

"காய்ச்சல் யாருக்கு வேணா வரும் டாக்டர். மரியாதை இவருக்கு வராது."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுந்து, அவன் பிடரியில் கை வைத்துத் தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கழுத்து மரக்கட்டையாக நின்றது. டார்ச் அடித்ததும் அவன் முகத்தைச் சுளித்து, "மன்னிக்கணுங்க, வெளிச்சம் கண்ணைக் குத்துது" என்றான். டாக்டரின் சிரிப்பு அங்கேயே நின்றது. நர்ஸைக் கூப்பிட்டார், கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி இறங்கும்போது டிங்கர் சொன்னான்: "ஐயா, தங்களுக்குத்தான் சிரமம்."

"டாக்டர்" என்றாள் அவள். "'தாங்கள்'னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. சீக்கிரம் பாருங்க."

வேறு நேரமாக இருந்தால் அறையே சிரித்திருக்கும். டாக்டர் சொன்னார்: "கிருமி எதுன்னு தெரியற வரைக்கும் எல்லாத்துக்கும் சேர்த்து மருந்து ஏத்திக்கிட்டுதான் இருக்கணும். கொசுக் காய்ச்சல்தான்னு உங்க லேப் சொல்லிட்டா தேவையில்லாததை நிறுத்திடலாம். ஆனா அதுக்குன்னு தனி மருந்து கிடையாது. அது உங்களுக்கே தெரியும். காவல் இருக்கலாம், அவ்வளவுதான்."

தெரியும். எத்தனையோ பேர் சொட்டில் மஞ்சளைப் பார்த்தவள். அந்த மஞ்சளுக்குப் பின்னால் பிழைத்து நடந்து போனவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு, உடம்பு மட்டும் வீடு திரும்பி ஆள் திரும்பாதவர்களும் உண்டு. அவள் பயந்தது அந்த மூன்றாவதற்குத்தான். உயிர் இருந்து, அந்த எருமைச் சத்தம் இல்லாமல் போய்விட்டால்?

குப்பி பின்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தது. தன் சொந்தக்காரருடைய சொட்டைத் தானே தொடக் கூடாது என்று அங்கே சட்டம். வேறு யார் தொடுவது? இன்னொரு டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். அவருக்குக் குளிர்பெட்டி என்று பெயர். மாதிரிகளைக் குளிரில் அடுக்கி எடுப்பது அவர் பொறுப்பு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். நல்ல மனிதர். ஆனால் எதையும் பூவைத் தொடுகிற மாதிரிதான் தொடுவார். கதவைக்கூடச் சாத்த மாட்டார், ஒட்டவைப்பார்.

"நீங்க கவலைப்படாதீங்கம்மா. நம்ம மச்சான் சொட்டு, நான் பத்திரமா பாத்துக்கறேன்."

"பத்திரமெல்லாம் வேண்டாண்ணே. வழக்கமா பண்றதைப் பண்ணுங்க, போதும்."

ஆய்வகத்தின் தலைவி டாக்டரம்மா அவளை வெளியே அனுப்பிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அவள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். குளிர்பெட்டி ஊற்றினார், காத்திருந்தார், கழுவினார். கழுவிய தட்டைக் கவிழ்த்துக் காகிதத்தின் மேல் வைத்து, தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இரண்டு தட்டு. மச்சான் சொட்டாம், வலிக்கக் கூடாதாம்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினாள்: "நல்லா தட்டு! அண்ணே, நல்லா தட்டு!"

கண்ணாடி கனம். உள்ளே போன சத்தம் தேய்ந்து போய்ச் சேர்ந்தது. குளிர்பெட்டி காதில் விழுந்தது 'நல்ல தட்டு'. அவர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஆமாம், கீறல் இல்லை, விரிசல் இல்லை. முகம் மலர்ந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"தட்டுங்கறேன்! தட்டு!"

"ஆமாம்மா, புதுத் தட்டுதான்!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவள் கையை ஓங்கிக் காற்றில் அடித்துக் காட்டினாள். மனுஷர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு திரும்பக் கையசைத்தார். ஒவ்வொரு கழுவலுக்கும் இதே கூத்து.

கடைசியில் நிறம் வந்தது. தட்டு முழுக்க மஞ்சள். டிங்கர் குழி மஞ்சள், பக்கத்துக் குழி மஞ்சள், ஒரு நோயும் இல்லை என்று தெரிந்து ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த குழியும் மஞ்சள்.

டாக்டரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார். "இந்தத் தட்டை நம்பினா ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் மூளைக்காய்ச்சல். உங்களுக்கும் எனக்கும் சேர்த்து. ஈரத்தோடவே விட்டிருக்கீங்க. கழுவுனீங்களா, இல்ல குளிப்பாட்டுனீங்களா?"

"தட்டுக்காரம்மா 'நல்ல தட்டு'ன்னு சொன்னாங்களே மேடம்..."

"நான் 'தட்டு'ன்னேன்!"

"அதையேதாம்மா நானும் சொல்றேன்!"

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் அடக்கிக்கொண்டார். குப்பியைத் தூக்கிப் பார்த்தார். முதுகுத்தண்டு நீர் என்ன குழாய்த் தண்ணீரா? அடியில் இன்னும் ஒரு முறைக்குத்தான் இருந்தது. "நானே பக்கத்துல நிக்கறேன். மறுபடி போடுங்க. நீங்க" என்று தட்டுக்காரியிடம் திரும்பினார், "படிக்கட்டுல போய் உக்காருங்க. இனிமே இந்தக் கண்ணாடி வழியா யாரும் தமிழ் பேசக் கூடாது."

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. பட்! பட்! பட்! குளிர்பெட்டி பட்ட அவமானத்தையெல்லாம் அந்தத் தட்டின் மேல் காட்டினார். துணி வெளுக்கிற கூடத்திலிருந்து இரண்டு பேர், யாரை அடிக்கிறார்கள் என்று பார்க்க வந்துவிட்டார்கள்.

இந்த முறை ஒப்பிட்டுப் பார்க்கிற குழி தெளிந்த தண்ணீராக நின்றது. டிங்கர் குழி? வெளுத்த மஞ்சள். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"ரெண்டுங்கெட்டான்" என்றார் குளிர்பெட்டி, குற்றவாளி மாதிரி.

"சீக்கிரமே எடுத்துட்டாங்க" என்றார் டாக்டரம்மா, படிக்கட்டிலிருந்து எழுந்து வந்தவளிடம். "இது நோயோட ஆரம்பம். புது ஆளுங்க இப்பதான் ஒண்ணு ரெண்டா கிளம்பியிருப்பாங்க. நீங்க மரியாதையைக் கண்டுபிடிச்சு உடனே தூக்கிட்டு வந்தீங்களே, அதனால வந்தது. வேற யாராவது பொண்டாட்டியா இருந்தா சந்தோஷமா வீட்டுலயே வெச்சிருப்பா. இதோட பங்காளிக் காய்ச்சல் ஒண்ணு ரெண்டு இருக்கு இல்லையா, அதுங்களும் சில சமயம் இந்த மாதிரி மஞ்சள் காட்டும். அதையும் சேர்த்துப் பாத்துடுவோம். கொஞ்ச நாள் போகட்டும், மறுபடி எடுப்போம்."

அந்தக் கொஞ்ச நாள்தான் நகரவில்லை. டிங்கரின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. 'தாங்கள்' போய், 'நீங்க' போய், வெறும் முனகலாகி, அதுவும் போய்விட்டது. கண்ணை மூடியவன் கூப்பிட்டால் திறக்கவில்லை. நாத்தனார் வார்டு வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திருந்திவிட்டான் என்று சொன்ன வாய் அது.

தட்டுக்காரி வேலை முடிந்ததும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து அவன் காதோரம் உட்கார்ந்துவிடுவாள். கெஞ்சினால் எழுந்திருக்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆகையால் வெறுப்பேற்றினாள்.

"எதிர்க்கடைக்காரன் உங்க வண்டியெல்லாம் இழுத்துட்டுப் போறான். கேக்க ஆளில்ல. உங்க சுத்தியலை வெச்சுத்தான் நான் ஜன்னல்ல ஆணி அடிச்சேன். கோணலாதான் அடிச்சேன். ஒடுக்கு எடுக்கறதுல உங்களைவிட அவன் கை சுத்தம்னு உங்க அக்காவே சொல்லுறாங்க."

"நான் எங்கேம்மா சொன்னேன்?" என்றாள் நாத்தனார், அழுகைக்கு நடுவே.

"சும்மா இருங்க அண்ணி. கோவம் வரணும்."

கோபம் வரவில்லை. மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மட்டும் வந்ததே என்று இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திட்டாவிட்டால் போகிறது, 'தாங்கள்' என்றாவது சொல்லித் தொலையக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

இரண்டாவது முறை நீர் எடுத்த அன்று தட்டு மறுபடி குளிர்பெட்டி கைக்குப் போனது. தட்டினார், தட்டினார், உறிஞ்சு காகிதக் கட்டே தீர்ந்தது. பிறகு ஸ்வெட்டரோடு மூச்சு வாங்க வார்டுக்கு ஓடிவந்தார். "மஞ்சள்! பளிச்சுனு மஞ்சள்! பங்காளிக் குழியெல்லாம் சுத்தமா தண்ணி!"

"மஞ்சள்னா நல்லதா தம்பி, கெட்டதா?" என்று நாத்தனார் அவர் கையைப் பிடித்தாள்.

"ரெண்டும்தாம்மா. கொசுக் காய்ச்சல்தான்னு ஆகிப்போச்சு, அது கெட்டது. உள்ள ஆளுங்க கூட்டமா வந்து அடிச்சுக்கிட்டிருக்காங்க, அது நல்லது."

சின்ன டாக்டர் தேவையில்லாத மருந்துகளை நிறுத்தினார். பிறகு காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு மத்தியானம், அவள் சுவரில் சாய்ந்து அசந்துபோன நேரத்தில், டிங்கர் கண்ணைத் திறந்தான்.

"தண்ணி கிடைக்குங்களா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தண்ணீர் கொடுத்தாள். பேச்சு வந்துவிட்டது, போதும், பாக்கி பிறகு வரும்.

பாக்கி வரவில்லை. என்ன மாதம், இது என்ன இடம், சுத்தியல் எதற்கு உதவும் என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னான். இடது கையில் கொஞ்சம் பலம் குறைவு. பந்தைப் பிசையச் சொன்னார்கள், பிசைந்தான். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

"ஆனா இன்னும் 'நீங்க'ங்கறாரே டாக்டர்?"

"அம்மா, கை காலை நான் பாத்துட்டேன். முதுகு நீரை நீங்க பாத்துட்டீங்க. நாக்கு, கோவம், குணம், இதுக்கெல்லாம் எங்ககிட்ட டெஸ்ட் இல்ல. மூளை அடிபட்டா சில பேருக்குக் குணமே மாறிடும். சில பேருக்கு மாசக்கணக்குல திரும்பி வரும். பழைய ஆளா ஆயிட்டாரான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ஆக, சோதனை அவள் தலையில் விழுந்தது. குழியும் இல்லை, மஞ்சளும் இல்லை.

வீட்டில் டிங்கர் சாந்த சொரூபியாக இருந்தான். "கஞ்சி அருமைங்க", "நீங்க உக்காருங்க, நான் எடுத்துக்கறேன்." தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வேடிக்கை பார்த்தார்கள். "எந்தக் கொசும்மா கடிச்சுது? எங்க வீட்டுக்காரரையும் அந்தப் பக்கமா ஒரு நடை அனுப்பிவிடறேன்" என்றாள் ஒருத்தி. நாத்தனாருக்கோ பழைய பெருமை திரும்பிவிட்டது.

"இப்படியே இருந்துட்டுப் போகட்டுமேம்மா. உயிரும் இருக்கு, மரியாதையும் இருக்கு."

"இது யாரோ அண்ணி. உங்க தம்பி இல்ல."

"உனக்கு எது கிடைச்சாலும் பத்தாது."

பத்தாதுதான். அவன் "நீங்க" என்கிறபோதெல்லாம் யாரோ விருந்தாளி வந்து தங்கியிருப்பது போலிருந்தது. நல்ல விருந்தாளி, ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் விருந்தாளியோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது?

பிறகு அவன் கடைக்குப் போகத் தொடங்கினான். "சும்மா உக்காந்து பாத்துட்டு வரேங்க" என்பான். சாயங்காலம் வந்ததும், "ஒண்ணும் பண்ணலைங்க" என்பான். ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

கடை முனை திரும்பும்போதே சத்தம் கேட்டது.

"யோவ்! இதுக்குப் பேரு ஒடுக்காய்யா? யானையை எங்கேயாவது முட்டுனியா? கண்ணைக் கழட்டி டேஷ்போர்டுல வெச்சுட்டு வண்டி ஓட்டுனா இப்படித்தான்!"

ஸ்கூட்டர் தானாக நின்றது. கடை வாசலில் நின்ற ஒரு வேனுக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டாள். அவனேதான். அதே தகரக் குரல். எங்கும் போகவில்லை, ஆள் முழுசாக இருக்கிறான். வேன் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதாள்.

அப்புறம்தான் கோபம் வந்தது. அப்படியென்றால் வீட்டில் நடப்பதெல்லாம்?

விடுவிடுவென்று உள்ளே போனாள். அவன் பார்த்தான். சுத்தியல் தாழ்ந்தது, குரலும் தாழ்ந்தது.

"நீங்களா? வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க?"

"நடிக்கறீங்களா?"

"இல்லைங்க."

"வெளியில நின்னு கேட்டேன். யானையை முட்டுனியான்னு கேட்டது யாரு?"

"நான்தாங்க." டிங்கர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்தான். "கடையில வந்துடுச்சுங்க. ரெண்டு வாரமாவே நல்லா வருது. உங்ககிட்டதான் வர மாட்டேங்குது. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சேனா, அந்தக் கோட்டோட நீங்க வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குறீங்க. அன்னைக்கே கூப்பிடலாம்னுதான் பாத்தேன். 'ஏய்'ங்கறதுக்கு வாயைத் தொறந்தா, நாக்கு மேல எழும்ப மாட்டேங்குது."

"இது நோயா, வேஷமா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாங்க?"

வேன்காரர், லாரிக்காரர், கொசுப் புகை அடிக்கிற வண்டியின் டிரைவர், மூன்று பேரும் வேலையை மறந்து நின்று கேட்டார்கள். "ஒரு தடவை திட்டிப் பாருய்யா" என்றார் லாரிக்காரர் உற்சாகமாக.

டிங்கர் மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "ஏ... ஏ... ஏங்க..."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிங்கரின் காது சிவந்தது.

தட்டுக்காரி சிரிக்கவில்லை. அவனையே உற்றுப் பார்த்தாள், வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி. பிறகு வெளியே போனாள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வேனைச் சுற்றி வந்து, மட்கார்டு கடைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்தினாள். ஆள் வேனுக்குப் பின்னால், மட்கார்டு மட்டும் முன்னால். ஆஸ்பத்திரி வாசல் தூணில் இடித்த ஒடுக்கு அதில் இருந்தது. ஹார்னை விடாமல் அழுத்தினாள். குரலை மாற்றிக்கொண்டு கத்தினாள்:

"யோவ் டிங்கரு! எவ்வளவு நேரமா நிக்கிறது? தூங்குறியா?"

"எவ அவ?" என்று கடையே அதிர்ந்தது. "வண்டியை நடுவுல சொருகிட்டு ஹார்ன் வேற அடிக்கிறியா? அறிவிருக்கா உனக்கு? முன்னால மூணு பேரு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல? போடி, போய் வரிசையில நில்லு!"

சொன்ன பிறகுதான் யாரென்று அவனுக்கு உறைத்தது. சுத்தியல் கையோடு அப்படியே நின்றான்.

வேனுக்குப் பின்னால் ஹார்ன் நின்றது. பிறகு ஸ்கூட்டர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. தட்டுக்காரி அதைத் தள்ளிக்கொண்டு போய், கொசுப் புகை வண்டிக்குப் பின்னால், கடைசி ஆளாக நின்றாள்.

"நீங்க முன்னால போங்கம்மா" என்று அந்த டிரைவர் வழிவிட்டார்.

"வேண்டாண்ணே" என்றாள். "நிக்கச் சொல்லியிருக்காரு."